செங்குளத்து மதகு

கேளுங்கள் பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, நீங்கள் இன்னும் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். மலைகளுக்குப் பெயர் வைக்காத காலத்தில் செங்குளம் என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊர் ஏரியின் மதகைக் காப்பவள் ஆவுடை. அவளுக்கு ஒரே மகள், வடிவு.

வடிவு தோளுக்கு வளர்ந்ததும், தங்கள் வயலின் மடையை மட்டும் ஆவுடை அவளிடம் விட்டாள். பெண் தண்ணீரைத் திறந்துவிட்டு, அடைக்க மறந்து போனாள். நாற்றெல்லாம் அழுகியது. ஆனாலும் ஆவுடை மகள் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கவில்லை.

"போனது நம்ம நெல்லுதானே. கஞ்சி குடிச்சுக்கலாம். நாளைக்கும் நீயேதான் போகணும்" என்றாள்.

மறுவருஷம் தெருக்காரர்களின் வாய்க்காலை அவளிடம் விட்டாள். அதற்கடுத்த வருஷம் பெரிய மதகையே விட்டாள்.

"குரங்கு கையில பூமாலையா? ஒருநாள் ஊரே மிதக்கப்போகுது!" என்று ஊர்த்தலைவர் சடையப்பர் குதித்தார். ஆவுடை சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான்.

கதிர் முற்றி நின்ற நேரம். ஆவுடை ஓடைக்கு அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். பிடித்தது பாருங்கள் அடைமழை! ஓடை கரைபுரண்டது. ஏரியும் நிரம்பி, கரையில் நீர் கசியத் தொடங்கியது. மதகைத் திறக்காவிட்டால் ஏரி உடையும். திறந்தால் பயிர் மூழ்கும்.

"என் வயல்ல விடாதே!" என்றார் ஒருவர். "என் வயல்லயும் விடாதே!" என்றார் இன்னொருவர். "மழை விடட்டும், பொறு!" என்றார் சடையப்பர்.

அக்கரையில் ஆவுடை நனைந்தபடி நின்றாள். கத்தினாலும் கேட்காது. பார்க்க மட்டும் முடிந்தது.

வடிவு யாரோடும் வாதாடவில்லை. மதகை ஒரு சாண் தூக்கினாள். வந்த தண்ணீரை முதலில் தங்கள் வயலுக்கே திருப்பினாள். முற்றிய கதிர்கள் கண்ணெதிரே சாய்ந்தன. அதைப் பார்த்த ஊரார் ஒவ்வொருவராக மண்வெட்டியோடு இறங்கித் தங்கள் வரப்பைத் தாங்களே வெட்டிவிட்டார்கள். அவள் மதகை இன்னும் ஒரு சாண் தூக்கினாள், அப்புறம் இன்னும் ஒரு சாண். பாதிப் பயிர் போனது. ஏரி உடையாமல் நின்றது, ஊர் பிழைத்தது.

ஓடை வடிந்ததும் ஆவுடை ஓடி வந்தாள். மகள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"போனது நம்ம நெல்லுதானேம்மா. கஞ்சி குடிச்சுக்கலாம்."

ஆவுடை பெருமையில் அழுதாள். சடையப்பர் தம் வீட்டு நெல்லில் ஒரு மூட்டையைத் தாமே சுமந்துவந்து அவர்கள் வாசலில் இறக்கினார்.

ஆகையால், வளரும் பிள்ளைகளிடம் பொறுப்பை மதகுத் தண்ணீர்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட வேண்டும்.