அழியப் போகிறவை நூற்று நாற்பத்து மூன்று

"டீச்சர், இந்த மெஷின் என்னைய மதிக்கவே மாட்டேங்கு."

ராபியா டீச்சர் இன்னும் வண்டியைக்கூட ஸ்டாண்டு போடவில்லை. அதற்குள், போன் போட்டு அவரை வரவழைத்த அருள்வளன் ரத்த வங்கி வாசலுக்கே ஓடி வந்து புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திருநெல்வேலியில் இருக்கிற இந்த ரத்த வங்கியின் கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. சனிக்கிழமைதோறும் டீச்சரிடம் லினக்ஸ் படிக்கிற பதினோரு பேரில் மூத்தவர் இவர். கேள்வி கேட்பதில் முதல் ஆள். பதில் முடிவதற்குள் எழுந்து போவதிலும் முதல் ஆள்.

"அப்படி என்னதான் கேக்கு மெஷின்?"

"ஒரே ஒரு எழுத்து. சரின்னா 'ஒய்' அழுத்தணுமாம், வேண்டாம்னா 'என்' அழுத்தணுமாம். 'ஒய்' அழுத்திட்டா எல்லாச் சிக்கலும் தீந்துரும் டீச்சர். எனக்குத் தைரியம் வரல. நீங்க அழுத்துங்க."

தைரியம் எங்கிருந்து வரும்? எதிர்ச் சாரி ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன். அவள் ரத்தம் பாம்பே குரூப், ஊரெல்லாம் தேடினாலும் லேசில் கிடைக்காது. கொடுப்பதற்கு ஒரே ஒரு ஆள் உண்டு. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கவே அரை நாள் ஆகும். பத்தரைக்குள் அந்த ஆள் வந்தாக வேண்டும்.

அவர் பெயரும் போன் நம்பரும் கம்ப்யூட்டருக்குள் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் பட்டியல் திறக்கவில்லை. மணி ஒன்பதேகால்.

நோட்டில் எழுதிவைக்கிற வழக்கத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய புண்ணியவான் யார் என்று கேட்காதீர்கள். அருள்வளன்தான்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"நேத்து ஒரு பொதி, அதான் சாஃப்ட்வேர் பேக்கேஜ், போட்டேன் டீச்சர். இன்னொண்ணு இல்லாம வரமாட்டேன்னுச்சு. அதையும் போட்டேன். அதுக்கும் பழசுக்கும் ஒத்துக்கிடலைன்னுச்சு. நெட்டுல ஒருத்தன் சொன்னதைப் போட்டேன். கூட நாலு எர்ரர் வந்துச்சு. இப்ப அதுவாவே ஒரு வழி சொல்லுது."

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். 'ஒய்' மேல் விரலை வைத்தார்.

அருள்வளனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அழுத்துதேன். எதையெல்லாம் அழிக்கப் போகுதுன்னு மேல போட்டிருக்கு பாருங்க. அதை வாசிங்க. நீங்க வாசிச்சு முடிக்கவும் அழுத்திருதேன்."

"நூத்தி நாப்பத்தி மூணு இருக்கு டீச்சர்!"

"வாசிங்க."

"அங்க ஒரு பிள்ளை உயிருக்கு..."

"அதனாலதான் அண்ணாச்சி. வாசிங்க."

அருள்வளன் வாசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாய்க்கு வந்த வேகத்தில் வாசித்தார்.

"ஒரு வரிய விட்டுட்டீங்க."

திரும்ப வாசித்தார். உள்ளுக்குள் டீச்சரைத் திட்டிக்கொண்டே வாசித்தார். ஐம்பது தாண்டியது. எண்பது. தொண்ணூறு.

தொண்ணூற்று ஏழாவது பெயரில் நின்றுவிட்டார்.

போஸ்ட்கிரெஸ்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலைத் திறக்கிற மென்பொருள் அது. அது போனால் இன்றைக்குப் பட்டியலைக் கண்ணால் பார்க்க முடியாது.

டீச்சரின் விரல் அசையவில்லை. "ம், அடுத்தது?"

அருள்வளன் எட்டிக் குனிந்து கீபோர்டின் வயரை வெடுக்கென்று பிடுங்கினார்.



டீச்சர் எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டார். அருள்வளனே வயரைச் சொருகினார். அவரே 'என்' அழுத்தினார்.

"பொதிகளை எங்கேர்ந்து எடுக்கணும்னு ஒரு ஃபைல் இருக்குல்லா? அதையும் வாசிங்க."

திறந்தார். ஐந்தே வரிகள், ஐந்து களஞ்சியங்களின் முகவரி. முதல் நான்கு வரியிலும் அந்த மெஷினில் ஓடுகிற லினக்ஸ் பதிப்பின் பெயர் இருந்தது. ஐந்தாவதில் அதற்கு அடுத்து வந்த பதிப்பின் பெயர்.

பழசோடு ஒத்துப்போகாமல் மோதிய பொதிகள் அங்கேயிருந்துதான் வந்திருந்தன.

"யாரு எழுதினது?"

"நாந்தான்."

"எதுக்கு?"

குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "ரத்தப் பைமேல ஒட்டுத லேபிள் புதுசுல கலரா வரும் டீச்சர். மதுரை ரத்த வங்கியில வச்சிருக்காங்க."

டீச்சர் சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அந்த வரியை அழித்தார். அந்த வரி வழியாக உள்ளே வந்திருந்த இருபத்திரண்டு பொதிகளையும், ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்து, பழைய பதிப்புக்கே இறக்கினார். இரண்டு இடத்தில் தடுமாறினார். டீச்சர் வாயே திறக்கவில்லை. அவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார்.

பத்து மணி எட்டு நிமிஷத்துக்குப் பட்டியல் திறந்தது.

போன் போட்டார். மூன்றாவது ரிங்கில் எடுத்தார்கள்.

"பாளையங்கோட்டைலதான் நிக்கேன் சார். இந்தா கெளம்பிட்டேன்."

போனை வைத்த பிறகு அருள்வளன் அழுதார். வெட்கமெல்லாம் படவில்லை. ஒரு மூச்சு அழுதுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"டீச்சர், நான் மட்டும் வயரைப் பிடுங்கலன்னா, நெசமாவே அழுத்தியிருப்பீங்களா?"

டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் வர பத்து நிமிஷம் பிந்தியிருந்தா, நீங்க அழுத்தியிருப்பீங்கல்லா அண்ணாச்சி?"