மாயாவிக்கு ஓர் அகப்பை

முன்னொரு காலத்திலே, காடும் ஊரும் ஒட்டிக் கிடந்த காலத்திலே, கொன்றையூரில் வடிவு, சாத்தன் என்று ஒரு தச்சத் தம்பதி இருந்தார்கள். பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு ஒரு மர அகப்பை செதுக்கி, ஊருக்கெல்லாம் சும்மாவே கொடுப்பார்கள். அவ்வளவு நல்ல மனசு!

அந்த வருஷம் மரம் வெட்டப் போன சாத்தன், தெரியாத்தனமாக மாயாவியின் காட்டில் கை வைத்துவிட்டான். மாயாவி விடுவானா? ஒரே ஊது! சாத்தன் வேங்கை மரமாகி நின்றான்.

சேதி கேட்டு வடிவு அலறிக்கொண்டு மாயாவியிடம் ஓடினாள். "எம் புருசனைக் குடுத்துடுங்க சாமி!"

"எனக்குத் தீராத பசி. மூணு வேளை சோறு போடு. என் வாயால 'போதும்'னு சொல்ல வச்சிட்டா அவனைக் கூட்டிட்டுப் போ. இல்லேன்னா நீயும் பக்கத்துல மரமா நில்லு!"

வடிவு வீட்டிலிருந்த கட்டையில் குடம் அளவுக்கு ஓர் அகப்பை செதுக்கினாள். பொங்கலை அள்ளிக் கொட்டினாள். லபக்! "ம், கொண்டா!"

இரண்டாம் வேளைக்கு அண்டா அளவுக்கு அகப்பை. லபக்! "ம், கொண்டா!"

மூன்றாம் வேளைக்கு ஒரு துண்டுக் கட்டைதான் மிச்சம். அதில் உள்ளங்கை அளவு அகப்பைதான் வந்தது. வேறு வழியில்லாமல் வடிவு அதையே எடுத்துக்கொண்டு போனாள்.

சின்ன அகப்பை அல்லவா? வைக்க வைக்க இலை காலியானது. பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாற வேண்டியதாயிற்று. பரிமாறுகிறவள் வாய் சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமாண்ணே?"

மாயாவி திகைத்துப்போனான். நூறு வருஷமாகப் பயந்து கொட்டியவர்கள்தான் உண்டு. பக்கத்திலிருந்து கேட்டவர் ஒருவருமில்லை, பாவம்.

"கூச்சப்படாம சாப்பிடுங்கண்ணே. இன்னும் ஒரு அகப்பை?"

"சரி."

"எனக்காக ஒண்ணு?"

"ச... சரி."

"இதோ, ஒண்ணே ஒண்ணு!"

மாயாவி சட்டென்று இரண்டு கையாலும் இலையை மறைத்தான். "போதும் தாயி, போதும்! வயிறு நெறஞ்சிருச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் கண்ணெல்லாம் ஈரம்.

படீர்! மரம் மறைந்தது. தலையெல்லாம் இலையும் தழையுமாகச் சாத்தன் நின்றான். வடிவு அவனைக் கட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே அழுதாள். பிறகு அந்தச் சின்ன அகப்பையை மாயாவியிடம் நீட்டினாள்.

"பொங்கல் சீருண்ணே."

"அண்ணன்தானேம்மா சீர் செய்யணும்?" என்று வெட்கப்பட்ட மாயாவி, காட்டில் விழும் மரமெல்லாம் இனி தங்கச்சிக்கே என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பொங்கலன்று ஊர்ப் பந்தியில் அகப்பையும் கையுமாகப் பரிமாறியவன் யார் தெரியுமா? சாட்சாத் அந்த மாயாவியேதான். யார் "போதும்" என்றாலும் அவனுக்குக் காதே கேட்கவில்லை!