பின்னால் நிற்பவள்

கடலூர் அலை கிளப்பின் மகளிர் கால்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடும் பொற்செல்விக்கு ‘முத்தண்ணா’ என்று ஒரு பெயர் உண்டு. முன்ஜாக்கிரதை முத்தண்ணா. தடுப்பாட்டத்தில் நால்வர் வரிசையாக நிற்க வேண்டும். மற்ற மூவரும் சேர்ந்து முன்னால் ஏறினாலும் இவள் மட்டும் ஓரிரண்டு அடி பின்னால் நிற்பாள். யாராவது கோட்டைவிட்டால் காப்பாற்ற ஒருத்தி வேண்டாமா? நல்ல எண்ணம்தான். ஆனால் அணி கோல் வாங்கிக்கொண்டேதான் இருந்தது.

போன ஆட்டத்திலும் அதே கதை. எதிரணிப் பெண் பந்தோடு தாண்டி ஓடினாள். பொற்செல்வி துரத்தவில்லை. கையைத் தூக்கி, “ஆஃப்சைடு, ஆஃப்சைடு” என்று கோட்டோரம் கொடியோடு நிற்கும் லைன்ஸ்மேனைப் பார்த்தபடி நின்றாள். கொடி எழவில்லை. பந்து நிதானமாக வலைக்குள் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பயிற்சியாளர் ஆக்னஸிடம் போனாள். ஆக்னஸ் இவளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். முழங்கால் போய் ஆட்டத்தை விட்டவள், சிரிப்பை விடாதவள்.

“கடைசி மேட்ச்ல என்னை உட்கார வைக்கப் போறீங்களாமே அக்கா?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“அதோட என் ஒப்பந்தம் முடியுது. வெளிய உட்கார்ந்திருந்தா என்னை யாரு மறுபடி எடுப்பாங்க?” கால்பந்தைத் தவிர வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தாள். “நான் என்ன தப்பு பண்ணேன்? அந்த லைன்ஸ்மேனுக்குக் கண்ணு தெரியல.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்,” என்றாள் ஆக்னஸ். பையிலிருந்து ஒரு கொடியை எடுத்து நீட்டினாள். “இன்னிக்கு நமக்குள்ளயே மேட்ச். நீ லைன் பாரு.”

நேர்மையான லைன்ஸ்மேன் எப்படி இருப்பார் என்று ஊருக்கே காட்டிவிடுகிற வேகத்தில் பொற்செல்வி கோட்டோரம் போய் நின்றாள்.

விதி எளிதுதான். பந்து உதைபடும் நொடியில், தடுப்பாட்டக்காரிகளில் கடைசியாக நிற்பவளையும் தாண்டி எதிராளி நின்றால் கொடி எழ வேண்டும். பொற்செல்வியின் இடத்தில் நின்ற புதுப் பெண் மற்ற மூவரோடும் சேர்ந்தே ஏறினாள். கொடி எழுந்தது. மறுபடியும் எழுந்தது. தூக்கித் தூக்கி பொற்செல்விக்குத் தோள் வலித்தது.

“என்ன அக்கா, இன்னிக்கு எல்லாமே ஆஃப்சைடா இருக்கு?”

“தினமும் இப்படித்தான் இருக்கும். ஒருத்தி பின்னால நிக்காம இருந்தா.”

பொற்செல்விக்கு முகம் சூடானது. பிறகு மெதுவாகக் கேட்டாள். “நான் ஏறி, பக்கத்துல இருக்கவ ஏறலேன்னா?”

“கோல் போகும்,” என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் விசில் ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசி ஆட்டத்துக்கான பட்டியலில் பொற்செல்வியின் பெயர் இருந்தது. ஒவ்வொரு முறையும் பின்னால் நிற்கத் தோன்றியது, ஒவ்வொரு முறையும் ஏறினாள். கொடிகள் எழுந்தன. எதிரணிக்காரிகள் கைகளை விரித்து நின்றதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு கோல் முன்னிலை. ஆட்டம் முடியப் போகும் நேரம். நீளமாக ஒரு பந்து வந்தது. பொற்செல்வி ஏறினாள். எதிரணிப் பெண் தாண்டி ஓடினாள். கொடி எழவில்லை. கோல். திரும்பிப் பார்த்தால், எப்போதும் பக்கத்தில் ஆடும் மும்தாஜ் ஓரிரண்டு அடி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

எப்படியோ ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தபோது பொற்செல்வி மும்தாஜின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏன்டி ஏறல?”

“கடைசி நேரமாச்சே, நீ கண்டிப்பா பின்னால நிப்பேன்னு நெனச்சேன். எப்பவும் தனியா நிக்கிறியேன்னு துணைக்கு நின்னேன்டி.”

திட்டலாமா கட்டிப்பிடிக்கலாமா என்று பொற்செல்விக்குத் தெரியவில்லை. கட்டிப்பிடித்தாள். பிறகு, முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆக்னஸிடம் வந்தாள்.

“நான் ஏறினேன் அக்கா.”

“பார்த்தேன்.”

“மும்தாஜ் ஏறல. கோல் போச்சு.”

“போகும்னு சொன்னேனே.”

“நான் ஏறுவேன்னு அவ எப்பத்தான் நம்புவா?”

ஆக்னஸ் ஐஸை நகர்த்தி வைத்தாள்.

“சீக்கிரத்துல நம்ப மாட்டா. அதனாலதான் உனக்கு இன்னும் ஒரு வருஷ ஒப்பந்தம் கேட்டு வாங்கியிருக்கேன்.”