மொக்கையன் கரடியின் பந்தய நாய்

காட்டு ஏரி வற்றியதும் அங்கே நாய்ப் பந்தயம் நடக்கும். முயல் தோலில் வைக்கோலைத் திணித்துக் கொடியில் கட்டுவார்கள். எதிர்க்கரை மரத்திலிருந்து குரங்கு இழுக்கும். நாய்கள் அதை முயல் என்று நம்பித் துரத்தும். முதலில் கவ்வும் நாயின் குடும்பத்துக்குக் கோடை முழுதும் ஊற்றங்கரை நிழல். தோற்றால் சுடுபாறைதான்.

பந்தய நாய் வளர்ப்பதில் மொக்கையன் கரடியை மிஞ்ச ஆளில்லை. ஒரு நொண்டி நாயை எடுத்து வளர்த்தது. அதன் குட்டிகளில் கால் நீண்டது, வயிறு ஒட்டியது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது. அந்த வம்சம் ஆறு கோடை தொடர்ந்து ஜெயித்தது!

ஏழாவது கோடையில் அடி விழுந்தது. பந்தயத்தன்று காலை யாரோ அதன் நாய்க்கு வயிறு முட்டக் கறி போட்டுவிட்டார்கள். நாய் எங்கே ஓடும்? உருண்டது. அந்த வருடம் சுடுபாறையில் இரண்டு குட்டிகள் செத்தன. பாவம், கரடி மூன்று நாள் சாப்பிடவில்லை. பிறகு அதற்குக் கண்டதெல்லாம் சந்தேகம்.

அடுத்த கோடை வந்தது. நான்கு குட்டிகளின் தாயான கொடியாள் என்ற நாய் ஓட வேண்டும். அதற்குத் தினமும் பால் தரும் செவத்தி ஆடு வந்தது.

"பால்ல என்ன கலந்தே?" என்றது கரடி.

"அண்ணே! தினமும் கொடுக்கிற பால்தானே!"

"தினமும் கொடுக்கிறவதான் ஒருநாள் கலப்பா! போ!"

சடையன் நரி அந்தப் பக்கம் வந்தது. அதுவும் பந்தயத்துக்கு ஒரு நாய் வைத்திருந்தது.

"இங்கே என்னடா வேலை?"

"தண்ணி குடிக்க வந்தேன், மாமா."

"நரி தண்ணி குடிக்க மட்டுமா வரும்?"

உண்மையில் நரி தண்ணீர் குடிக்க மட்டும்தான் வந்தது!

கரடி கொடியாளுக்குப் பாடம் நடத்தியது. "கண்ணால பார்த்ததை நம்பாதே, மோந்து பாரு! தடவிக் கொடுக்கிறவனை நம்பவே நம்பாதே!"

"நீங்க தடவினா?"

"அப்பவும் யோசி!"

கொடியாள் கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் பாடம் மனப்பாடம்.

பந்தயம் தொடங்கியது. கொடியாள் பாய்ந்த பாய்ச்சலில் மற்ற நாய்கள் புழுதியைத்தான் பார்த்தன. முயல் பத்தடி தூரத்தில் இருந்தது. திடீரென்று கொடியாள் நின்றது! மூக்கைத் தூக்கி மோந்தது.

"மாமா, இதுல வைக்கோல் வாடை அடிக்குது! யாரோ நம்மளை ஏமாத்துறாங்க!"

"ஐயோ, அது பொம்மைதான்டி! எல்லாருக்கும் தெரியும்! ஓடு!"

"தெரிஞ்சேவா என்னைத் துரத்தச் சொன்னீங்க?"

ஆட்டைக் கரடி எப்படிப் பார்த்ததோ, அப்படியே கொடியாள் கரடியைப் பார்த்தது. அதற்குள் நரியின் குட்டைக்கால் நாய் தத்தித் தத்தி வந்து முயலைக் கவ்விவிட்டது. வாய் நிறைய வைக்கோலோடு அது வாலை ஆட்டியது.

கரடியும் நாய்களும் சுடுபாறைக்குப் போயின. வெயிலில் குட்டிகள் முனகின. செவத்திக்கு மனசு கேட்கவில்லை. மடி நிறையப் பாலோடு பாறை ஏறி வந்தது.

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. "வா தாயி! கொடு, குட்டிங்க குடிக்கட்டும்!"

கொடியாள் குறுக்கே வந்து நின்று பல்லைக் காட்டியது.

"நீங்கதானே சொன்னீங்க மாமா? இவ பால்ல என்ன கலந்திருக்கோ!"

யாரையும் நம்பாதே என்று சொல்லிக் கொடுத்தால், அந்தப் பாடம் ஒருநாள் சொல்லிக் கொடுத்தவன் தலையிலேயே விடியும்.