பட்டறைக்கல்லில் வைத்த கை

சாமிக்கு நேர்ந்த அருவாள் சாமி முன்னாலேயே ஒடிந்துபோனது.

அதனால் உலகநாதன் ஆசாரியின் வலது கை இப்போது அவருடைய பட்டறைக்கல்லின் மேலேயே கிடக்கிறது. ஒருவன் மணிக்கட்டை அமுக்கிப் பிடித்திருக்கிறான். இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றியிருக்கிறான். எதிரே பலவேசம். அவன் கையில் ஒரு புது அருவாள். சுவரில் சாய்த்திருந்ததை எடுத்துக்கொண்டான். அது உலகநாதன் அடித்தது. அதன் பதம் அவருக்குத் தெரியும். அதுதான் பயம்.

ஆசாரியின் தம்பி கொம்பையா உலையோரம் சுருண்டு கிடந்தான். முதல் அடி அவனுக்கு. ரத்தத்தோடு ஒரு பல்லும் சாம்பலில் விழுந்திருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பலவேசம் சென்னையில் லாரி ஓட்டுகிறவன். விபத்தில் அடிபட்ட மகன் பிழைத்தால் சுடலைமாடனுக்கு ஆள் உயர அருவாள் சாத்துவதாக வேண்டிக்கொண்டான். பையன் பிழைத்தான். போனில் இந்தக் கடையின் சமூக வலைத்தளப் பக்கத்தைப் பார்த்து, அதிலிருந்த நம்பரில் அருவாளுக்குச் சொன்னான். பார்சலில் வந்தது. கோயில் கொடைத் திருவிழாவன்று சாமியாடி அதைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிடிக்கு மேலே ஒடிந்து, முனை அவர் தொடையிலேயே இறங்கிவிட்டது. மாடன் ஏற்கவில்லை என்றது ஊர். பலவேசத்தின் மனைவி மகனைக் கட்டிக்கொண்டு அலறினாள். கடைப் பெயரை விசாரித்துக்கொண்டு இரண்டு ஆட்களோடு இவன் வந்துவிட்டான்.

“இதை அடிச்ச கை எனக்கு வேணும்.”

“நான் அடிக்கலை அண்ணாச்சி.”

“உன் ஆவி வந்து அடிச்சுதோ? சரி. இது உன் பொருள் இல்லைன்னு காட்டு. விட்டுடுறேன்.”

உலகநாதன் காட்டத்தான் பார்த்தார். “என் இரும்புல பிறை முத்திரை இருக்கும். பாருங்க.”

பலவேசம் ஒடிந்த துண்டைக் காலால் புரட்டினான். பிறை இருந்தது. பிடியைச் சுற்றிய பித்தளைப் பூண்கூட அச்சு அசல் அவருடைய பூண்தான். முதுகில் முழங்கால் இன்னும் அழுந்தியது.

கொம்பையா ரத்தத்தைத் துப்பினான். “எங்க பக்கத்தைப் பாரும். எல்லாம் அதுல இருக்கு.”

பலவேசம் போனை அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். கடைப் பெயர். கடைப் படங்கள். வீடியோவில் உலகநாதன் சம்மட்டி அடிக்கிறார். “இது யாரு, உன் மாமனாரா?”

“அது நாங்க போட்ட பக்கம் இல்ல. எங்களுதைப் பூட்டிட்டாங்க.”

அதுவும் நிஜம். கொம்பையாதான் அந்தப் பக்கத்தை வளர்த்தான். கடையே அதில்தான் பிழைத்தது. ஒருநாள் காலையில், நீ ஆயுதம் விற்கிறாய் என்று வலைத்தளக் கம்பெனிக்காரர்கள் அதைப் பூட்டிவிட்டார்கள். சாமிக்கு என்று சொன்னால் கேட்க அங்கே ஆள் இல்லை. எவனோ பழைய படங்களை எல்லாம் அள்ளி, அதே பெயரில் வேறு பக்கம் திறந்துவிட்டான். அவனைப் பூட்டவில்லை. ஏன் என்று கேட்கவும் ஆள் இல்லை. கொம்பையா அண்ணனிடம் “சரியாயிரும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

சொந்த முகமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்கட்டிலிருந்து அவர் மனைவி பூரணம் வந்தாள். அலறவில்லை.

“நீ உள்ள போ தாயி” என்றான் பலவேசம்.

“போறேன். உங்க கையில இருக்கிறதைத் திருப்பிப் பாருங்க.”

திருப்பினான். பிடியை ஒட்டி, அலகின் அடியில், உளியால் வெட்டிய ஒரு சின்ன வரி. கடையின் சொந்த இணையதள முகவரி.

அவள்தான் ஆள் பிடித்து அந்தத் தளத்தைப் போட்டாள். வீட்டில் பெரிய சண்டை. “பக்கம் இருக்கும்போது இது எதுக்கு மதினி? வெளிநாட்டு ஜனாதிபதி அருவா வாங்க வாராரோ?” என்றான் கொம்பையா. முகவரியை இரும்பில் வெட்டச் சொன்னபோது உலகநாதன் உளியை வீசி எறிந்தார். “சாமி அருவாள்ல விலாசமா? மாடன் தபால் போடப் போறாரா?” அவள் அந்த உளியை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு அலகிலும் தானே வெட்டினாள்.

“இப்ப ஒடிஞ்சதைப் பாருங்க” என்றாள்.

அந்த இடம் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது.

“நீங்களே வெட்டாம விட்டிருப்பீங்க” என்றான் பலவேசம்.

“முத்திரையைப் பார்த்துப் போட்டவன், பூணைப் பார்த்துப் போட்டவன், இதை மட்டும் ஏன் விட்டான்? அதைச் சொல்லிட்டு வெட்டுங்க.”

பலவேசம் அருவாளை இறக்கவில்லை. யோசித்தான்.

நீங்களும் யோசியுங்கள். ஆசாரி முத்திரையைக் காட்டினார். தம்பி பக்கத்தைக் காட்டினான். அவள் ஒற்றை வரியைக் காட்டினாள். இதில் யார் காட்டியது சரியான சாட்சி? திருடன் அந்த வரியை ஏன் விட்டான்? கை கல்லின் மேல் இருக்கிறது. சட்டென்று சொல்லுங்கள்.

விடை: வரிதான் சாட்சி. முத்திரையைத் திருடலாம், படத்தைத் திருடலாம், முகத்தையே திருடலாம். முகவரியைத் திருடிப் போட்டால், வாங்கியவன் அதைத் தட்டி அசல் கடையில் போய் நிற்பான். அன்றே குட்டு உடையும். அதனால்தான் விட்டான். பலவேசம் இடது கையால் அந்த முகவரியைப் போனில் தட்டினான். இரண்டு வருஷமாக அங்கேயே இருந்தது: ‘இந்த வரி இல்லாத அருவாள் எங்களுடையது அல்ல.’ கீழே ஒரு நம்பர். அழுத்தினான். பூரணத்தின் மடியில் மணி அடித்தது. அவன் அருவாளுக்குச் சொன்ன நம்பர் வேறு. அதையும் அழுத்தினான்; எங்கேயோ அடித்து ஓய்ந்தது. கையை விட்டார்கள். இதனால் கொம்பையாவின் பக்கம் வீண் என்று ஆகாது. ஆளைக் கூப்பிட்டு வருவது அதுதான், இனியும் வேண்டும். ஆனால் அது அடுத்தவன் மனையில் போட்ட கடை. அவன் நினைத்தால் பூட்டுவான். கூப்பிட்ட ஆள் வந்து நிற்கச் சொந்த மனை ஒன்று வேண்டாமா? மாடனுக்கு வேறு அருவாளை உலகநாதனே அடித்தார். கடைசியில் அந்த வரியை வெட்ட, அவரே உளியைக் கேட்டு வாங்கினார். முதல் எழுத்தே கோணிப்போனது. வெட்டி முடித்தவள் பூரணம்.