‘ஹாட்’ என்றால்

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதி. அங்கே பதினோரு வருடமாகச் சமையல் மாஸ்டராக இருந்தவர் அய்யாத்துரை. வயது ஐம்பத்திரண்டு. வரவேற்பில் இருந்த நஸ்ரீனுக்கு இருபத்து நான்கு. தினமும் அவளிடம் ஓர் ஆங்கிலச் சொல் கற்றுக்கொண்டிருந்தார். அதனால் அவருக்கு அவள் டீச்சர்.

அந்த வாரம் மட்டும் இரண்டு கிண்ணங்கள் திரும்பி வந்திருந்தன. வெளிநாட்டு அம்மா ஒருவர் சூப்பை ‘ஹாட்’டாகக் கேட்டார். மாஸ்டர் மிளகைத் தூக்கலாகப் போட்டு அனுப்பினார். அந்த அம்மாவுக்குப் புரையேறி, கண்ணெல்லாம் தண்ணீர். மறுநாள் இன்னொருவர் அதையே கேட்டார். மாஸ்டர் உஷாராகி, கொதிக்கக் கொதிக்க அனுப்பினார். காரமே இல்லையென்று அதுவும் திரும்பி வந்தது.

முதலாளி சமையலறை வாசலில் நின்று சொன்னார்.

"இன்னிக்கு மதியம் இருபது பேர் வர்றாங்க. இன்னொரு தடவை ஏதாவது திரும்பி வந்தா, நான் வேற மாஸ்டரைப் பார்த்துக்குவேன்."

அய்யாத்துரை நேராக வரவேற்புக்குப் போனார்.

"டீச்சர், ஹாட்னா சூடா, காரமா? ஒண்ணைச் சொல்லுங்க."

"ரெண்டும்தான் மாஸ்டர்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"இப்பதான் வந்த செய்தியைக்கூட ஹாட்னு சொல்லுவாங்க."

"செய்தியை நான் எந்தச் சட்டியில போடறது? காரத்துக்குன்னு தனியா ஒரு வார்த்தை இல்லையா?"

"இருக்கு. ஸ்பைசி."

"வர்றவங்க அதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

நஸ்ரீன் சிரித்தாள்.

மதியம் நல்ல மழை. பேருந்திலிருந்து இறங்கியவர்கள் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். சமையலறையில் நாலு அடுப்பும் எரிந்தது. நஸ்ரீனே ஆர்டர் சீட்டுகளைக் கொண்டுவந்தாள். மூன்றாம் மேசை: சூப், ஹாட். ஏழாம் மேசை: சூப், ஹாட்.

இரண்டு சீட்டையும் மாஸ்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"டீச்சர், இதுல எது சூடு, எது காரம்?"

அவள் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி மேடைமேல் வைத்தாள்.

"வாங்க."

"எங்க?"

"வெளிய."

"சாப்பிடற இடத்துக்கா? நான் அங்கெல்லாம் போனதே இல்லையே டீச்சர்."

"அதனாலதான்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

மூன்றாம் மேசையில் ஒரு பெண். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். வெந்நீர் டம்ளரைக் கன்னத்தில் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மேசையில் சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு பெரியவர். சாலட் தட்டின் ஓரத்தில் கிடந்த பச்சை மிளகாயைத் தேடி எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் ஓட்டமாகத் திரும்பினார். ஒரு கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவிச் சூடாக்கி, ஆவி பறக்க ஊற்றினார். இன்னொன்றில் காந்தாரி மிளகாயை நசுக்கிப் போட்டார். இரண்டையும் அனுப்பிவிட்டு, கதவிடுக்கில் நின்று பார்த்தார். மூச்சு வாங்கியது.

அந்தப் பெண் கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். பெரியவர் முதல் வாயிலேயே நிமிர்ந்தார். நெற்றி வேர்த்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கேட்டார்.

அதன்பின் மாஸ்டர் சமையலறையில் நிற்கவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் கூடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இருபது பேரில் ஒருவர் தட்டும் திரும்பி வரவில்லை. முதலாளி தனக்கும் ஒரு கிண்ணம் சூப் வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் மாஸ்டர் முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்புக்கு வந்தார்.

"டீச்சர், ஹாட்டைப் படிச்சு முடிச்சாச்சு. நாளைக்கு என்ன வார்த்தை?"

"நாளைக்கும் ஹாட்தான் மாஸ்டர்" என்றாள் நஸ்ரீன். "நாளைக்கு வேற ஆளுங்க வர்றாங்க."