தேள் ராசிக்காரி குப்பாச்சி

வெகு காலத்துக்கு முந்தி நெடுங்காவு நாட்டை வில்லவராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனசு தங்கம்தான். ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சட்டம். அப்படிக் கடைசியாகப் பேசுவதையே தொழிலாக வைத்திருந்தவர் அரண்மனை ஜோசியர் சேஷாசலம்.

ராஜாவுக்கு ஒரே பிள்ளை. அப்போதுதான் நடை பழகியிருந்தான். அவனை வளர்த்தவள் குப்பாச்சி என்கிற செவிலித்தாய். ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, கண் திறக்காமல் கிடந்தான். ஜோசியர் நவக்கிரக ஹோமம் வளர்த்தார். குப்பாச்சி பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல் கஷாயம் புகட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கியதும் மகாராணி செண்பகவல்லி தன் கைத் தங்க வளையலைக் கழற்றிக் குப்பாச்சிக்குப் போட்டாள். ஜோசியருக்கு ஒரு பட்டுச் சால்வை. புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தது நான், தங்கம் அவளுக்கா என்று வயிறெரிந்து போனார் மனுஷன்.

மறுநாள் சபையில் மெதுவாக ஆரம்பித்தார். "மகாராஜா, இளவரசருக்கு ஒரு கண்டம் தெரிகிறது. குப்பாச்சிக்கு விருச்சிக ராசி. விருச்சிகம் என்றால் தேள். தேளின் மடியில் பிள்ளையை விட்டுவைக்கலாமா?"

ராஜாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. அப்போதே அவளை ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். பாவம், அவள் என்ன செய்வாள்? ராசியைக் கேட்டு வாங்கிக்கொண்டா பிறந்தாள்? இடுப்பிலிருந்த பிள்ளையைப் பிரித்தெடுத்தபோது அவன் முந்தானையை விடவே இல்லை. அதற்கப்புறம் பாலும் வேண்டாம், சோறும் வேண்டாம் என்று அழுதுகொண்டே கிடந்தான்.

மந்திரி ஆண்டியப்பருக்கு மனசு கேட்கவில்லை. ராஜாவிடம் போனார். "மகாராஜா, பிள்ளை வாடிப்போகிறான். அவளைக் கூப்பிட்டுவிடலாமே."

"ராசியின் குணம் போகுமா ஆண்டியப்பரே? ஜோசியர் சொன்னது தப்பென்று உம்மால் காட்ட முடியுமா?"

"சாஸ்திரம் படித்தவரிடம் நான் என்ன வாதாடுவது? ஒரே ஒரு விண்ணப்பம். தேள் ராசிக்கு ஒரு நியாயம், மற்ற ராசிக்கு ஒரு நியாயமா என்று ஜனங்கள் கேட்டுவிடக் கூடாது. அரண்மனையில் எல்லோரையும் அவரவர் ராசிப்படியே நடத்த உத்தரவு கொடுங்கள்."

ஜோசியர் முந்திக்கொண்டார். "மந்திரிக்கே புத்தி வந்துவிட்டது. போட்டுவிடுங்கள் மகாராஜா."

ராஜாவும் முத்திரையை அழுத்திவிட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார் ராஜா, சோறு வந்தபாடில்லை. தலைமைச் சமையல்காரர் மீன ராசியாம். அடுப்பங்கரைக்குப் போனால் வறுபட்டுவிடுவேன் என்று குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். சேனாபதியைக் கூப்பிட்டால் அவரையும் காணோம். மேஷ ராசிக்காரர், ஆட்டு மந்தையோடு போயிருந்தார். வாசல் காவலனுக்குத் துலாம் ராசி. அவன் கடைத்தெருவில் தராசைப் பிடித்துப் புளி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்ச நாளில் எல்லாம் பழகிவிடும்" என்றார் ஜோசியர். ராஜா பசியோடு தலையாட்டினார்.

அந்த நேரம் முற்றத்தில் பல்லக்கு வந்து நின்றது. மகாராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கே கிளம்பிவிட்டாய் செண்பகம்?"

"என் அப்பா வீட்டுக்கு, மகாராஜா. எனக்குக் கன்னி ராசி. கல்யாணமாகாத பெண் அடுத்தவர் அரண்மனையில் தங்கினால் ஊர் நாலு விதமாகப் பேசாதா? மந்திரி வந்து உங்கள் உத்தரவைக் காட்டினார். நியாயமாகத்தான் பட்டது."

"என்ன விளையாட்டு இது? நமக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறதே."

"உலகமறியாத கன்னிப்பெண்ணிடம் இப்படியெல்லாம் பேசுவது ராஜாவுக்கு அழகில்லை" என்று பல்லக்கில் காலை வைத்துவிட்டாள்.

ராஜா ஜோசியர் பக்கம் திரும்பினார். "நீர் சொல்லும். இவள் எனக்கு மனைவியா, கன்னியா?"

மனைவி என்றால் தான் சொன்ன சாஸ்திரம் போகும். கன்னி என்றால் தலை போகும். ஜோசியர் யோசித்துச் சொன்னார். "மகாராணி மகாராணிதான், மகாராஜா. கன்னி என்பது ராசிக்குப் பேர். ஆளுக்கு இல்லை."

"அப்போது தேள் என்பது யாருக்குப் பேர்?" என்று கேட்டார் ஆண்டியப்பர், ரொம்பப் பணிவாக.

ஜோசியர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஆண்டியப்பரே சொன்னார்: "வானத்தில் அந்த நட்சத்திரங்கள் வால் வளைந்தாற்போல நிற்கின்றன. பார்த்தவர்கள் அடையாளத்துக்குத் தேள் என்று பேர் வைத்தார்கள். அவ்வளவுதான் மகாராஜா."

"தேளென்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள் மகாராணி. "குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிற தேளை ஒருத்தரும் பார்த்ததில்லையா? உங்கள் கண்ணுக்குக் கொடுக்கு மட்டும்தான் தெரிந்ததா? என் பிள்ளை பட்டினி கிடக்கிறான்."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பருக்குப் போட்டார். பிறகு, "ஜோசியரே, உம்முடைய ராசி என்ன?" என்றார்.

"ரிஷபம்" என்றார் அவர், காதில் விழுந்தும் விழாமலும்.

"நல்லதாய்ப் போயிற்று. வண்டியை நீரே இழுத்துக்கொண்டு போய்க் குப்பாச்சியை அழைத்துவாரும்."

"வேண்டாம் மகாராஜா" என்று குறுக்கே வந்தார் ஆண்டியப்பர். "வயசானவர். வண்டியை மாடே இழுக்கட்டும். இவர் கூடப் போய், வா தாயி என்று வாயாரக் கூப்பிட்டால் போதும்."

ஜோசியர் மந்திரியைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு நிஜக் கும்பிடு. சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார்.

பொழுது சாய்வதற்குள் குப்பாச்சி வந்துவிட்டாள். ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்தார். "குப்பாச்சி, நான் செய்தது பெரிய தப்பு. என்மேல் கோபம் இருந்தால் சொல்லிவிடு. கிராமமோ நிலமோ, என்ன வேண்டுமோ கேள்."

அவள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பிள்ளை இரண்டு கையையும் நீட்டித் தாவியிருந்தான். அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ராஜாவிடம் கேட்டாள்.

"புள்ள எப்போ சாமி சாப்பிட்டுச்சு?"

ராஜா தானே சமையல்கட்டுக்குப் போய்ப் பால்சோறு பிசைந்து எடுத்துவந்தார். அவள் கீழே உட்கார்ந்தாள். பக்கத்தில் அவரும் தரையில் உட்கார்ந்து, அவள் ஊட்டி முடிக்கிறவரைக்கும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.